மூன்று வருடத்துக்கு ஓர் ஆள்: வட்டிக்கடையில் வணிகப் புதுமை உண்டா?

கேள்வி, ஜூன் 3

வெளிநாட்டுச் சந்தையில் சிறு நிறுவனங்கள் ஜெயிக்கப் புதுமையான வணிக மாதிரி வேண்டும் என்று ஒரு பயிலரங்கில் பேசினார்கள். கூட்டு அலுவலகம், கிளை மேலாளருக்கு லாபப் பங்கு, பிரான்சைஸ், ஒப்பந்தக் காலம் என்று நிறையச் சொன்னார்கள். உதாரணம் எல்லாம் அமெரிக்காவும் ஐரோப்பாவும்தான். நம் ஆட்கள் கடல் தாண்டிப் போய் செய்தது வட்டிக்கடை, மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடை. அதில் உழைப்பு இருந்தது, மாதிரி என்று எதுவும் இல்லை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 3, இரவு

மறுக்கிறேன். வட்டிக்கடை என்று போகிற போக்கில் தள்ளிவிட்டீர்கள். பயிலரங்கில் கேட்டதில் பிரான்சைஸ் நீங்கலாக மற்ற மூன்றும் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் செட்டிநாட்டுக் கடைகளில் நூறு வருடத்துக்கு முன்பே நடப்பில் இருந்தவை. யாரும் அதற்குப் பெயர் வைத்துக் கட்டணம் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

என் ஐயா, அதாவது அம்மாவைப் பெற்றவர், கீழ்ப் பர்மாவில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்தும் ஏஜெண்டுக்கு உதவியாளாக, இருந்தவர். அதனால் எனக்குச் சார்பு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஜூன் 4, காலை

நேற்று அவசரமாக எழுதினேன். இப்போது விவரம்.

முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடை ரங்கூனிலோ பீகூவிலோ பினாங்கிலோ. நடுவில் கடல். கடிதம் போய்ப் பதில் வரவே வாரக்கணக்கில் ஆகும். அந்தத் தூரத்தில் இன்னொருவன் கையில் உங்கள் முழு முதலையும் கொடுத்து, யார் யாருக்குக் கடன் தருவது என்ற முடிவையும் அவனிடமே விட வேண்டும். உங்கள் பயிலரங்கில் இதற்கு என்ன வழி சொன்னார்கள்?

அங்கே கண்ட வழி இது. ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்று வருடத் தவணை. எழுத்து மூலம் ஒப்பந்தம், கடை பெயரில் கையெழுத்திட அதிகாரப் பத்திரம். சம்பளம் மொத்தத் தவணைக்கும் பேசி முடிக்கப்படும். அதில் ஒரு பகுதி கப்பல் ஏறும் முன்பே குடும்பத்தின் கைக்கு வந்துவிடும். தவணை முடிந்து ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, போட்டு லாபம் கண்டால் அதில் ஒரு பங்கு, பத்தில் ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. மூன்றாம் வருடக் கடைசியில் அடுத்த ஏஜெண்டு வந்து சேருவார். பழையவர் அவரைக் கூட்டிக்கொண்டு கடன்காரர்களை ஒவ்வொருவராகக் காட்டிக் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குத் திரும்புவார்.

இதில் என்னைக் கவர்வது லாபப் பங்கு அல்ல, அது எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கடைசி ஒப்படைப்புதான் விஷயம். நீங்கள் கொடுத்த ஒவ்வொரு கடனையும் மூன்று வருடத்தில் இன்னொருவன், அதுவும் உங்கள் தொழிலே தெரிந்தவன், வந்து கிளறிப் பார்க்கப்போகிறான். தணிக்கைக்குத் தனியாக ஆள் அனுப்ப வேண்டியதில்லை. உங்களுக்குப் பின் வருகிறவனே தணிக்கையாளர். வராக்கடனை நல்ல கடன் மாதிரி எழுதிவைத்தால் அவன் ஏற்க மாட்டான், ஏனென்றால் ஏற்றால் அது அவன் தலையில் விடியும்.

ஜூன் 4, மதியம்

கூட்டு அலுவலகம் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பினாங்கில் பினாங்கு ஸ்ட்ரீட்டிலும் இருந்த கிட்டங்கிகள், அதாவது கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடங்கள். நீளமான ஒரே கூடம். அதில் வரிசையாகப் பல கடைகள். கடை என்றால் சுவர், கதவு, பலகை எதுவும் கிடையாது. தரையில் ஒரு பாய், ஒரு மரப்பெட்டி, அதன் மேல் பேரேடு. அந்த அளவுக்கு வாடகை. மாடியில் படுக்கை. சமையல்காரர் எல்லோருக்கும் பொது.

பக்கத்துப் பெட்டிக்காரன் உங்களுக்குப் போட்டி. ஆனால் உங்களிடம் வாங்கி ஏமாற்றியவன் அவனிடம் போய் நின்றால், நீங்கள் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கடன் வாங்குபவரின் நாணயம் பற்றிய தகவல் காசு செலவில்லாமல் கிடைத்தது.

மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளை நகரச் சீரமைப்பில் இடித்துவிட்டார்கள். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, 1859இல் கட்டியது.

ஜூன் 4, இரவு

“இது சிறு தொழிலா? கோடிக்கணக்கில் புரண்ட பணம் அல்லவா” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான அடி.

பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு என்று ஒன்று 1929-30இல் உட்கார்ந்தது. அதன் கணக்கில் பர்மாவில் செட்டியார் கடைகள் சுமார் 1650, மொத்த முதல் சுமார் 75 கோடி ரூபாய். சராசரி பார்த்தால் கடைக்கு நாலரை லட்சம். அந்தக் காலத்து நாலரை லட்சம் சிறிய பணம் இல்லைதான். ஆனால் கடைக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு மேலாள் (அந்த ஏஜெண்டுதான்), ஒரு அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன் ஒருவன், ஒரு சமையல்காரர். தலைமை அலுவலகம் என்பது ஊரில் முதலாளி வீட்டுத் திண்ணை. ஆள் கணக்கில் சிறு தொழில், முதல் கணக்கில் இல்லை. நான் சிறு தொழில் என்றே சொல்வேன், காரணம் ஒவ்வொன்றும் தனிக் குடும்பத்தின் தனிப் பொறுப்பு. முங்கினால் அந்த வீடு முங்கும். பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு கட்டுகிற கம்பெனிச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

அந்த 75 கோடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சொந்த முதல் என்றும் அதே குழு மதிப்பிட்டது. மிச்சம் உறவினர் வைப்பு, வங்கிகளில் எடுத்த கடன். உறவினர் வைப்பில் ஆச்சிமார், அதாவது வீட்டுப் பெண்கள், பணம் கணிசம். பெண்ணுக்கு வந்த சீதனம் வீட்டுப் பெட்டியில் தூங்காமல் ஏதாவது ஒரு கடையில் அவள் பெயரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். புருஷனின் கடையில்தான் போட வேண்டும் என்றும் இல்லை. எங்கள் ஆயா, அதாவது ஐயாவின் மனைவி, வேறொரு கடையில் போட்டிருந்தார்கள். காரணம் கேட்டால் “ஒரே கூடையில் எதற்கு” என்று சொல்லியிருப்பார்கள் என நினைக்காதீர்கள். “உங்க ஐயா வேலை பாத்த கடை எனக்குத் தெரியாதா” என்பதுதான் பதில்.

ஜூன் 7

வட்டி எப்படி முடிவாகும் என்று கேட்டவருக்கு.

கடைகள் தங்களுக்குள் வாங்கிக் கொடுக்கும் பணத்துக்கு நடப்பு வட்டி என்று ஒரு விகிதம் உண்டு. ரங்கூனில் முகல் தெருச் செட்டியார் கோயிலில் தமிழ் மாதம் 16ஆம் தேதி மாலை கூடுவார்கள். கையில் பணம் தேங்கியிருக்கிறதா, வயல் வேலை தொடங்கும் பருவமா, அறுவடைப் பணம் திரும்பும் பருவமா என்று பேசி அந்த மாத விகிதத்தை முடிவு செய்வார்கள். தவணை வட்டி என்ற நீண்ட கால விகிதமும் அதை ஒட்டித்தான் போகும். லண்டனில் வங்கிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட விகிதத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறோம். இது சுவாமிக்குத் தீபாராதனை முடிந்து பிரகாரத்தில் நடந்ததால் புதுமைக் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது.

ஜூன் 8

“எல்லாம் சரி, இது சாதிக்குள் நடந்தது. மாதிரி என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்ய முடிய வேண்டும்.”

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் இது என் வாதத்தின் இடுப்பில் விழுகிற அடி.

ஏஜெண்டு ஏமாற்றாமல் இருந்ததற்கு ஒப்பந்தம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி ஊரில் இருந்தது. நகரத்தாருக்கு, அதாவது இந்தச் செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு, ஒன்பது கோயில்: இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். கடல் தாண்டிப் போய்க் கையாடல் செய்தவன் திரும்பி வருவது இந்த ஊருக்குத்தான். அவன் வீட்டுக்குப் பெண் யார் கொடுப்பார்கள்? அவன் தங்கையை யார் எடுப்பார்கள்? பெண்டாட்டி பிள்ளைகளும் ஊரில்தான். அழகாகச் சொன்னால் சமூக நம்பிக்கை. வெடுக்கென்று சொன்னால் குடும்பமே ஜாமீன்.

ஆக மூன்று வருடத் தவணையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். முன்பணச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளலாம். பின்னால் வருபவன் தணிக்கை செய்வதையும் எடுத்துக்கொள்ளலாம். கோயில் மாலையை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது என்பது என் கட்சி. அதன் மறுபக்கம் வெளியாள் எவனும் ஏஜெண்டாக வர முடியாது என்பது. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 8, சற்று நேரம் கழித்து

கிட்டங்கிச் சாப்பாடு எப்படி என்று கேட்டவருக்கு: ஐயா பர்மாவைப் பற்றி வாய் திறந்தால் அது ஒன்றைத்தான் சொல்வார். சமையல்காரர் கோபித்துக்கொண்டால் கடைக்கு நஷ்டம் என்பார். கணக்குப் பிழைத்தால் கண்டுபிடித்துவிடலாம், ரசம் பிழைத்தால் ஒருத்தனும் பேரேட்டைத் தொட மாட்டான்.

ஜூன் 11

என் சொந்தக் கதையைக் கேட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

மதுரையில் மசாலாப் பொடி அரைத்து அனுப்புகிறோம், குடும்பத் தொழில். மலேசியாவில் கிள்ளானில் ஒருவரை விநியோகஸ்தராகப் போட்டோம். தொண்ணூறு நாள் கடன். சரக்கு போகும், பணம் வரும், முதல் வருடம் குறையே இல்லை. அப்புறம் பணம் தள்ளிப்போக ஆரம்பித்தது. கேட்டால் சந்தை மந்தம். ஒருநாள் அங்கிருக்கும் சொந்தக்காரர் படம் எடுத்து அனுப்பினார்: அதே கடைகள், அதே அலமாரி, எங்கள் பொட்டலம் இருந்த இடத்தில் அவர் பெயர் போட்ட பொட்டலம். நிறம்கூட ஏறக்குறைய அதே சிவப்பு.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததைவிட, எந்தெந்தக் கடைக்கு எவ்வளவு போகிறது என்ற பட்டியல்கூட எங்களிடம் இல்லை என்பதுதான் உறுத்தியது. வாடிக்கையாளர் எல்லாம் அவருடையவர்கள். நாங்கள் வெறும் அரவை மில். அப்போதுதான் அந்த ஒப்படைப்பு முறை எனக்குப் புரிந்தது. ஏஜெண்டு மாறினாலும் கடன்காரர்கள் கடைக்கு உரியவர்களாகவே இருந்ததற்குக் காரணம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை முகம் மாறியதுதான். ஒருவனே இருபது வருடம் இருந்தால் கடை அவனுடையதாகிவிடும். பெயர்ப்பலகையில் யார் பெயர் இருந்தால் என்ன?

ஜூன் 15

“கடைசியில் பர்மாவில் எல்லாம் போயிற்றே, இதுதானா உங்கள் புதுமை?”

இதற்கு நீளமாகத்தான் எழுத வேண்டும்.

கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் 1852இல் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்குக் கடல்வழி சுருங்கியது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் நெல் வயலாக மாறின. உழவனுக்குக் கடன் வேண்டும், ஐரோப்பிய வங்கி அவனை உள்ளேயே விடாது. அந்த இடைவெளியில் நின்றவைதான் இந்தக் கடைகள். நிலத்தை ஈடாக வைத்துக் கடன், அறுவடை முடிந்து திருப்பு. கடன் கொடுக்கும் உள்ளூர்க்காரர்கள் வாங்கிய வட்டியைவிட இவர்கள் வாங்கியது குறைவு என்று அந்த விசாரணைக் குழுவே சொல்லியிருக்கிறது. நெல் விலை ஏறிக்கொண்டே இருந்தவரை எல்லோருக்கும் நல்ல காலம்.

1930இல் உலகப் பெருமந்தம். நெல் விலை பாதிக்குப் பாதி விழுந்தது. உழவனால் கட்ட முடியவில்லை. கடைக்காரனுக்கு நிலம் தேவையே இல்லை, அவன் தொழில் பணம். ஆனால் கட்டாதவனிடம் இருந்தது நிலம் மட்டும்தான், ஏலம் விட்டால் வாங்க ஆளில்லை. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1937இல் சுமார் 25 சதவீதம். ஏழு வருடத்தில்.

தூரத்தைச் சமாளிக்க அத்தனை நுணுக்கம் கண்டவர்கள், ஈடு விஷயத்தில் ஒரே பயிர், ஒரே விலை, ஒரே வகைச் சொத்து என்று மாட்டிக்கொண்டார்கள். 1650 கடையும் தனித்தனிக் குடும்பம், தனித்தனிப் பேரேடு. ஆனால் ஆபத்து ஒன்றுதான். நெல் விழுந்தால் எல்லாக் கடையும் ஒரே நாளில் ஒரே பக்கம் சாயும். பக்கத்துப் பெட்டிக்காரனிடம் கைமாற்று வாங்கலாம் என்றால் அவனும் அதே நிலைமை.

பர்மியர் பக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. தாத்தா காடு வெட்டித் திருத்திய வயல், பேரன் குத்தகைக்காரன். 1930 டிசம்பரில் சாயா சான் என்பவர் தலைமையில் உழவர் கிளர்ச்சி தொடங்கியது. வரிக் கொடுமையும் கடன் சுமையும் சேர்ந்த கோபம் அது. சட்டப்படி எழுதி வாங்கிய நிலம்தானே என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பத்திரம் சரிதான். முக்கிய நெல் மாவட்டங்களின் வயலில் கால் பங்கைக் கடல் தாண்டிய ஒரு சமூகம் வைத்திருந்தால் எந்தப் பத்திரமும் ரொம்ப நாள் தாங்காது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. 1948இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. முடிந்தது.

ஜூன் 16

மேலே எழுதியதை இன்று படித்தால் எல்லா இடத்திலும் இப்படித்தான் ஆயிற்று என்று தோன்றும். அப்படி இல்லை. மலாயாவில் 1913இலேயே மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்துவிட்டது. ஒதுக்கீட்டு நிலம் மலாய்க்காரர் அல்லாதவர் கைக்குப் போக முடியாது. அப்போது நம் ஆட்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதனால் கடன் சீனக் கடைக்காரர், கடைவீடு, ரப்பர் தோட்டம் என்று பரவியது. பெருமந்தத்தில் அங்கும் ரப்பர் தோட்டங்கள் கைக்கு வந்தன, 1930களில் சட்டத்தை மேலும் இறுக்கினார்கள். ஆனாலும் பர்மா போல ஒட்டுமொத்தமாகத் துடைத்துப் போகவில்லை. எதிரி போட்ட வேலி என்று நினைத்தது பயிரைக் காப்பாற்றியது.

இலங்கையில் வேறு கதை. கொழும்புச் செட்டியார் தெருக் கடைகள் ஐரோப்பிய வங்கிகளிடம் வாங்கி உள்ளூர் வியாபாரிக்குக் கொடுத்தன. 1925இல் ஒரு பெரிய கடை விழுந்ததும் வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. உள்ளூர் வியாபாரிக்குக் கடன் வறண்டது. அதன் பிறகு 1934இல் வங்கி ஆணையம், 1939இல் இலங்கை வங்கி. இடைவெளியில் நின்று பிழைப்பவன் விலகினால்தான் இடைவெளி எவ்வளவு பெரியது என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறது.

ஜூலை 2

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். “அப்படியானால் அந்தப் புதுமைக்காரர்கள் ஏன் பாடம் கற்கவில்லை?”

சிலர் கற்றார்கள். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் திறந்தது. பிறகு பினாங்கு. கவனியுங்கள், பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்படுவதற்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம். பெயரே ‘ஓவர்சீஸ்’. குடும்பப் பேரேட்டிலிருந்து பங்கு மூலதனத்துக்கும், நில ஈட்டிலிருந்து அந்நியச் செலாவணிக்கும் நகர்ந்தது அந்த முயற்சி. ஊர்க்காரர்கள் அனுப்பும் பணம் போகும் பழைய வழித்தடம் அதேதான். ஆபத்து ஒரு வீட்டின் தலையில் விழாமல் பங்குதாரர்களிடையே பிரிந்தது. 1969இல் அரசுடைமை ஆனதும் எல்லோருக்கும் தெரியும்.

1650 கடைகளில் எத்தனை பேருக்கு இது முடியும் என்று கேட்டால், கைவிரல் போதும். மற்றவர்கள் சினிமா, துணி ஆலை, சென்னையில் வீடு என்று போனார்கள். அடுத்தாள்கள் எங்கே போனார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. ஐயா மளிகைக்கடை வைத்தார். கேள்வியில் அதையும் ஒரு கை பார்த்திருக்கிறீர்கள், பரவாயில்லை.

ஆகஸ்ட் 21

கிள்ளான் என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

ஆடி முடிந்து தங்கை மகன் போகிறான். மூன்று வருட ஒப்பந்தம். சரக்கு எங்கள் பெயரில் அங்கேயே ஒரு கிடங்கில் நிற்கும், அதையும் இன்னும் மூன்று சிறு ஏற்றுமதிக்காரர்களோடு பங்குபோட்டு எடுத்திருக்கிறோம்: ஒருவர் அப்பளம், ஒருவர் நல்லெண்ணெய், ஒருவர் பூஜைச் சாமான். எந்தக் கடை எத்தனை பொட்டலம், எத்தனை நாள் பாக்கி என்று வாரம் ஒருமுறை பட்டியல் வர வேண்டும். மூன்றாம் வருடம் கடைசி இரண்டு மாதம் அடுத்தவன் கூடப் போய்க் கடை கடையாக ஏற வேண்டும். அந்த அடுத்தவன் சொந்தக்காரனாக இருக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. தங்கை முகம் கொடுத்துப் பேசவில்லை.

பழைய வழக்கப்படி சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகத் தங்கை கணக்கில் போட்டேன். ஆடிட்டர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். ஊழியன் ஒருவன், பணம் வாங்குபவர் வேறொருவர், வேலை வெளிநாட்டில், இதை எந்தத் தலைப்பில் எழுதுவது, வரி எங்கே பிடிப்பது என்கிறார். யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள், அவர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்.